ஓப்னியும் பினெகாசும் இருந்த ஆலயத்தில்

கேள்வி: மதிப்புக்குரிய ஐயா அவர்களுக்கு, ஸ்தோத்திரம். எனக்கு 51 வயது. தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு கிராமச் சபையைச் சேர்ந்தவள். சின்ன வயதிலிருந்தே கோயில் பாடகர் குழுவான கொயரில் பாடுகிறேன். என் அம்மாவும் அதே கொயரில் பாடினவர்கள். ஞாயிற்றுக்கிழமை முதல் மணி அடிக்கும்போதே மனதில் ஒரு துள்ளல் வரும். இப்போது அந்தச் சத்தத்தைக் கேட்டாலே நெஞ்சை அடைக்கிறது.

போன சேகர (சபை நிர்வாக) கமிட்டித் தேர்தலில் என் வீட்டுக்காரர் ஒரு அணியில் நின்று தோற்றார்கள். அன்றிலிருந்து கோயிலுக்குள்ளேயே இரண்டு பக்கமாகிவிட்டது. எங்கள் போதகரான ஐயர் பிரசங்கத்தில் எங்களைக் குத்திப் பேசுகிறார்கள். சபை விருந்தான அசனத்துக்கு எங்களிடம் காணிக்கை வாங்கினார்கள், பரிமாற மட்டும் எங்கள் வீட்டுப் பையன்களைக் கூப்பிடவில்லை. பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் ஒரு அக்கா எல்லார் முன்னாலும், "பாட்டுப் பாடினா மட்டும் போதாது, வாழ்க்கையும் இருக்கணும்" என்றார்கள். திருவிருந்தில் அவர்கள்தான் என் பக்கத்தில் முழங்கால்படியிடுகிறார்கள். கொயரில் எனக்குத் தந்திருந்த பாட்டைக் கேட்காமலே வேறொருவருக்கு மாற்றிவிட்டார்கள். பின் பெஞ்சில் வாலிபப் பிள்ளைகள் செல்போனைத் தடவிக்கொண்டிருக்கிறார்கள்.

கண்ணை மூடினால் ஜெபம் வரவில்லை, இவர்கள் முகம்தான் வருகிறது. மத்தியானம் சாப்பிடும்போதும் இதே பேச்சு. ப்ளஸ் டூ படிக்கிற மகள், "நீங்களே இவ்வளவு திட்டுறீங்க, பிறகு எதுக்கும்மா கோயிலுக்குப் போகணும்?" என்று கேட்டுவிட்டாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. கொயருக்குப் போவதை நிறுத்திவிட்டேன். யூடியூபில் ஆராதனை பார்த்தால் போதாதா? வேறு சபைக்குப் போய்விடலாமா? இப்படிப்பட்ட ஐயர் கையால் நற்கருணை வாங்குவது சரியா? மன்னித்துவிட்டேன் என்று சொல்லிப் பார்த்தேன், உள்ளே மன்னிக்கவில்லை. அந்தப் பழைய சந்தோஷம் எனக்குத் திரும்ப வருமா?

— பெயர் வெளியிட விரும்பாத சகோதரி

பதில்:

அன்பான சகோதரிக்கு, ஸ்தோத்திரம்.

வரும். ஆனால் உங்கள் சபை திருந்திய பிறகுதான் வரும் என்று காத்திருந்தால் வராது. இதைத்தான் நான் சொல்லப்போகிறேன். போதகர் என்ற முறையிலும், மனநல ஆலோசனையைத் தொழிலாகச் செய்கிறவன் என்ற முறையிலும் சொல்கிறேன்.

"மனுஷரைப் பார்க்காதே, கர்த்தரைப் பார்" என்று இதற்குள் உங்களிடம் பலபேர் சொல்லியிருப்பார்கள். அந்த வார்த்தையில் தவறு இல்லை. ஆனால் காயப்பட்டு வந்தவரிடம் அதைச் சொன்னால், "உனக்கு ஒன்றும் நடக்கவில்லை" என்றுதான் அவர் காதில் விழும். உங்களுக்கு நடந்திருக்கிறது. பிறந்த நாளிலிருந்து போய்வந்த கோயிலில், அம்மா பாடின கொயரில், உங்களை ஓரமாக நிறுத்தியிருக்கிறார்கள். வலித்தால் அது உங்கள் விசுவாசக் குறைவு இல்லை. அந்த இடத்தின்மேல் உங்களுக்குப் பிரியம் இல்லாதிருந்தால் மணிச் சத்தம் நெஞ்சை அடைக்காது.

மற்றவர்களுடைய குற்றத்தால் ஆராதனை கசந்துபோகும் என்பதை வேதமே ஒப்புக்கொள்கிறது. 1 சாமுவேல் முதல் இரண்டு அதிகாரங்களை எடுத்து, அன்னாளின் ஜெபத்துக்காக மட்டும் வாசிக்காமல், அன்றைய ஆலயம் எப்படி இருந்தது என்று பார்ப்பதற்காக இன்னொரு முறை வாசியுங்கள். அன்னாளின் கணவன் எல்க்கானா வருஷந்தோறும் குடும்பத்தோடு, ஆலயம் இருந்த சீலோவுக்குப் போய்ப் பணிந்துகொள்வான் என்று சொல்லுகிற அதே வசனம், ஆசாரியனான ஏலியின் குமாரராகிய ஓப்னியும் பினெகாசும் அங்கே இருந்தார்கள் என்றும் சொல்லுகிறது. அவர்கள் செய்தது என்ன? ஜனங்கள் பலியிட்ட இறைச்சி வேகும்போதே மூன்று கூருள்ள ஆயுதத்தைப் பானைக்குள் விட்டு, அதில் வருவதையெல்லாம் எடுத்துக்கொண்டார்கள். கொழுப்பைத் தகனிக்கும் முன்பே பச்சை இறைச்சியைக் கேட்டார்கள். கொடுக்க மறுத்தால் பலவந்தமாய் எடுப்பேன் என்று மிரட்டினார்கள். பந்தியில் உங்களுக்கு நேர்ந்ததைவிட இது பெரிய அநியாயம். ஆலய வாசலில் பணிவிடை செய்த பெண்களிடமும் அவர்கள் தவறாக நடந்தார்கள். அதன் விளைவை இரண்டாம் அதிகாரம் 17ஆம் வசனம் சொல்லுகிறது: "மனுஷர் கர்த்தரின் காணிக்கையை வெறுப்பாய் எண்ணினார்கள்."

உங்களுக்கு நேர்ந்திருப்பது இதுதான். வேதம் இதில் வெறுத்துப்போன ஜனங்களைக் குற்றம் சாட்டவில்லை. அந்த வாலிபரின் பாவம் கர்த்தருடைய சந்நிதியில் மிகவும் பெரிதாயிருந்தது என்றுதான் சொல்லுகிறது.

அந்த ஆலயத்துக்குத்தான் அன்னாள் வந்தாள். வெளியே ஓப்னி என்றால் அவள் பந்தியிலேயே பெனின்னாள், எல்க்கானாவின் இன்னொரு மனைவி. பிள்ளையில்லாதவள் என்று குத்திக்காட்டுவதற்குப் பெனின்னாள் பண்டிகை நாளையே தேர்ந்தெடுத்தாள். கர்த்தருடைய ஆலயத்துக்குப் போகும்போதெல்லாம், வருஷந்தோறும் இது நடந்தது. அன்னாள் சாப்பிடாமல் அழுதாள். ஆறுதல் தர வேண்டிய ஆசாரியன் ஏலியோ, அவள் உதடு அசைவதைப் பார்த்துவிட்டு, "நீ எதுவரைக்கும் வெறித்திருப்பாய்?" என்றான். ஜெபித்த பெண்ணைக் குடிகாரி என்றான். உங்கள் சங்கக் கூட்டத்தில் அந்த அக்கா சொன்ன வார்த்தையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அவள் திரும்பிப் போயிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அவள் நின்று பதில் சொன்னாள். "அப்படியல்ல, என் ஆண்டவனே, நான் மனக்கிலேசமுள்ள ஸ்திரீ." மரியாதை குறையவில்லை, உண்மையும் குறையவில்லை. கேட்ட ஏலி தன் வார்த்தையை மாற்றிக்கொண்டு அவளை ஆசீர்வதித்து அனுப்பினான். அவள் போய்ச் சாப்பிட்டாள். "அப்புறம் அவள் துக்கமுகமாயிருக்கவில்லை" என்று முதலாம் அதிகாரம் 18ஆம் வசனம் முடிகிறது.

இந்த இடத்தை அவசரமாகத் தாண்டிவிடாதீர்கள். அந்த நேரத்தில் அவளுக்கு எது மாறியிருந்தது? பிள்ளை இன்னும் பிறக்கவில்லை. பெனின்னாள் அதே வீட்டில் இருக்கிறாள், ஊருக்கு ஒன்றாகத்தான் திரும்ப வேண்டும். ஓப்னி கையில் அதே ஆயுதம் இருக்கிறது. ஏலிக்குக் கிழப்பருவத் தளர்ச்சி போகவில்லை. சீலோவில் ஒரு கல்கூட நகரவில்லை. ஆனாலும் அவள் முகம் மாறியது. அவளுக்குக் கர்த்தரிடம் கேட்பதற்கு ஒன்று இருந்தது. அதைக் கேட்பதற்காகவே வந்தாள், கேட்டுவிட்டாள், அதனால் முகம் மாறியது.

சகோதரி, உங்களிடம் இதைத்தான் கேட்கிறேன். தேர்தலுக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது, உங்களுக்கென்று கர்த்தரிடம் கேட்க ஒன்றை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனீர்களா? கடிதத்தை இரண்டாம் முறை வாசித்தேன். ஐயர், அக்கா, கொயர், கமிட்டி, வாலிபர் எல்லாரும் அதில் இருக்கிறார்கள். உங்கள் ஜெபம் மட்டும் இல்லை. மகளுக்குப் பரீட்சை வருகிறது. வீட்டுக்காரர் தோற்றுப்போன அவமானத்தோடு இருக்கிறார்கள். உங்களுக்கு 51 வயது, உடம்பு மாறுகிற காலம். இவற்றில் ஒன்றைக்கூட கர்த்தரிடம் கேட்டதாக நீங்கள் எழுதவில்லை. குற்றம் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அவர்கள் உங்களிடமிருந்து பறித்தது கொயர் பாட்டு மட்டும் அல்ல என்பதை நீங்கள் பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன்.

இது எப்படி நடக்கிறது என்று ஆலோசகராகக் கொஞ்சம் விளக்குகிறேன். ஓரிடத்தில் நமக்குக் காயம் பட்டால், அடுத்த முறை அங்கே காலெடுத்து வைக்கும் முன்பே மனம் காவலுக்கு எழுந்துவிடும். யார் யாரைப் பார்க்கிறார்கள், யார் சிரிக்கிறார்கள், இந்த வசனத்தை ஐயர் ஏன் எடுத்தார் என்று கணக்கெடுத்துக்கொண்டே இருக்கும். நாம் சொல்லி அது அப்படிச் செய்வதில்லை, நம்மைக் காப்பதற்காகத் தானாகச் செய்கிறது. நெஞ்சு அடைப்பதும் அதனால்தான். ஆனால் காவல் காக்கிற மனம் பாட முடியாது. பின் பெஞ்சு செல்போன் உங்கள் கண்ணில் பட்டதும் இப்படித்தான். அம்மா காலத்திலும் பின் பெஞ்சில் பையன்கள் பேசிக்கொண்டுதான் இருந்திருப்பார்கள், அப்போது உங்களுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. அடிபட்ட விரலில்தான் எல்லாம் இடிக்கும்.

வீட்டுச் சாப்பாட்டுப் பேச்சு இதை இன்னும் கெட்டிப்படுத்துகிறது. நடந்ததை ஒருமுறை சொல்லி அழுதால் மனம் லேசாகும். அதையே வாரந்தோறும், அதே வரிசையில், அதே பெயர்களோடு சொன்னால் லேசாகாது, பாடமாகிவிடும். அதனால் ஒரு ஒழுங்கு வையுங்கள். ஞாயிறு மத்தியானம் பந்தியில் கமிட்டிப் பேச்சு வேண்டாம் என்று வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். திங்கள் சாயங்காலம் நீங்கள் இருவர் மட்டும் உட்கார்ந்து எவ்வளவு வேண்டுமானாலும் பேசுங்கள். பேச்சை அடக்கச் சொல்லவில்லை, அதற்கு ஒரு நாளும் இடமும் ஒதுக்கச் சொல்கிறேன். அவர்களும் காயப்பட்டவர்கள், அதனால் "நீங்கள் நின்றதால்தானே இவ்வளவும்" என்ற பேச்சு அதில் வரக்கூடாது.

ஞாயிற்றுக்கிழமைக்கு: சனி இரவே அடுத்த நாள் கேட்கப்போகிற ஒன்றை ஒரு தாளில் எழுதுங்கள். ஒன்றே ஒன்று. அதில் சபையார் யாருடைய பெயரும் இருக்கக்கூடாது. மகளுடைய பரீட்சை, உங்கள் தூக்கம், வீட்டுக்காரருடைய மனம், எதுவாகவும் இருக்கலாம். முதல் மணிக்கே போய்விடுங்கள். வாசலில் நின்று பேசுகிற நேரத்தில்தான் பாதிக் காயம் படுகிறது. உள்ளே போய் அன்றைய சங்கீதத்தை ஒருமுறை வாசித்து, அந்த ஒன்றைக் கேட்டுவிடுங்கள். ஆராதனை தொடங்கும்போது நீங்கள் வந்த காரியம் முடிந்திருக்கும். முன்வரிசையில் உட்காருவதும் உதவும். செல்போனும் தெரியாது, எந்த அணி எந்தப் பக்கம் என்றும் தெரியாது. முகங்கள் கண்ணுக்குள் வந்தால் துரத்தாதீர்கள், துரத்தினால் கூடும். "இவர்களும் வந்திருக்கிறார்கள்" என்று சொல்லிக்கொண்டு பாட்டின் வரிக்குத் திரும்பி வந்துவிடுங்கள். முதல் சில வாரம் இருபது தடவை திரும்ப வேண்டியிருக்கும். அது தோல்வி அல்ல, அன்றைக்கு அதுதான் உங்கள் ஆராதனை.

மன்னிப்பைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். மன்னித்துவிட்டேன் என்று வாயால் சொல்லி மனதை வற்புறுத்த வேண்டாம். அந்த அக்காவுக்காக ஒரு வரி ஜெபம் மட்டும் செய்யுங்கள். "அவர்களைத் திருத்தும், உணர்த்தும்" என்கிற ஜெபம் வேண்டாம், அது நம் சண்டையைக் கர்த்தருடைய வாயில் வைப்பது. அவர்கள் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா, பிள்ளைக்கு வேலை கிடைக்கவில்லையா, அதற்காகக் கேளுங்கள். உணர்ச்சி எதுவும் இல்லாமல், வறட்சியாகவே கேட்கலாம். மனம் பின்னால் மெதுவாக வரட்டும். மன்னிப்பு என்பது நடந்தது சரி என்று ஒப்புக்கொள்வது அல்ல. அந்த அக்காவிடம் பழையபடி நெருங்கிப் பழக வேண்டும் என்ற கட்டாயமும் அதில் இல்லை.

இனி நற்கருணை. ஐயர் கையால் வாங்கலாமா என்று நீங்கள் ஒருவர்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்காதீர்கள். நாலாம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவில் சபையே இதில் இரண்டாக உடைந்தது. ரோம அரசு கிறிஸ்தவர்களைத் துன்புறுத்திய உபத்திரவ காலத்தில் வேதப் புத்தகங்களை அதிகாரிகளிடம் ஒப்படைத்துவிட்ட ஆயர்கள் கொடுத்த சாக்கிரமெந்து (ஞானஸ்நானம், நற்கருணை போன்ற திருச்சடங்கு) செல்லாது என்று டோனாட்டஸ் பக்கத்தார் பிரிந்தார்கள். ஹிப்போவின் பேராயர் அகுஸ்தீன் அதை மறுத்தார். கொடுக்கிறவர் கிறிஸ்து, ஊழியக்காரனுடைய கை அழுக்கானாலும் வரம் அழுக்காகாது என்பது அவருடைய வாதம். நம் தென்னிந்தியத் திருச்சபையில் 1947இல் வந்து இணைந்த ஆங்கிலிக்கன் சபை, 1571இல் உறுதிப்பட்ட தன் 39 பிரமாணங்களில் 26ஆவதை இதற்கென்றே ஒதுக்கியிருக்கிறது. ஊழியர் தகுதியற்றவராயிருந்தாலும், விசுவாசத்தோடு வாங்குகிறவருக்குக் குறைவில்லை என்கிறது. ஆகவே தைரியமாக வாங்குங்கள்.

ஆனால் அந்தப் பிரமாணம் அதோடு முடியவில்லை. தீய ஊழியரைப்பற்றி விசாரணை நடத்த வேண்டும், குற்றம் நிரூபணமானால் பொறுப்பிலிருந்து நீக்க வேண்டும் என்றும் அதே பிரமாணம் சொல்லுகிறது. முதல் பாதியை மேற்கோள் காட்டி இரண்டாம் பாதியை மறைப்பது நம் சபைகளில் நடக்கிறது. அது சரியில்லை.

திருவிருந்தில் பக்கத்தில் யார் என்பதைப்பற்றி: கொரிந்து சபையில் வசதியுள்ளவர்கள் முந்திச் சாப்பிட்டார்கள், இல்லாதவர்கள் பசியாயிருந்தார்கள். பவுல் அதை நேராகவே கண்டித்தான். உங்கள் அசனக் காரியத்தைக் கேட்டிருந்தாலும் அவன் சும்மா இருந்திருக்க மாட்டான். ஆனால் பந்திக்கு வரும்போது செய்ய வேண்டியதாக அவன் எழுதினது, "எந்த மனுஷனும் தன்னைத்தானே சோதித்தறிந்து" என்பதுதான். பக்கத்தில் முழங்கால்படியிடுகிறவரைச் சோதிக்கிற வேலையை அந்த நேரத்தில் யாருக்கும் கொடுக்கவில்லை. அந்த அக்காவுக்கும் கொடுக்கவில்லை, உங்களுக்கும் கொடுக்கவில்லை. அந்த வேலை இல்லாத ஐந்து நிமிடம் பெரிய இளைப்பாறுதல்.

நீங்கள் பாடுகிறவர், அதனால் இதையும் சொல்ல வேண்டும். நம் கீர்த்தனைகளில் மிகச் சிறந்தவற்றில் பல தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) எழுதியவை. அப்படிப்பட்ட பக்தர், சபைக்குள் எல்லாச் சாதியாரும் கலந்து உட்கார வேண்டும், திருவிருந்தில் ஒரே பாத்திரத்தில் பானம்பண்ண வேண்டும் என்று இளைய மிஷனரிமார் வற்புறுத்தியபோது அதை எதிர்த்து எழுதினார். 1833இல் கல்கத்தா பேராயர் டானியேல் வில்சன் சாதிப் பிரிவினையை உடனே விட்டுவிட வேண்டும் என்று கட்டளை அனுப்பியபோது, தென்னாட்டுச் சபைகளில் பெரிய பிளவே உண்டாயிற்று. இன்று சாஸ்திரியார் பாட்டை எல்லாரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பாடுகிறோம். அவர் யாரோடு உட்கார மறுத்தாரோ அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் கண்ணீரோடு பாடுகிறார்கள். சாதி விஷயத்தில் அவர் செய்தது தவறு. அதை மறைக்கக்கூடாது. பாட்டையும் விடக்கூடாது. உங்கள் அம்மா பாடின கொயரிலும் சண்டை இல்லாமல் இருந்திருக்காது. அந்தச் சண்டைக்கு நடுவில் நின்று பாடித்தான் உங்களுக்கு இந்தச் சந்தோஷத்தைக் கொடுத்திருக்கிறார்கள்.

எதைப் பொறுக்கலாம், எதைப் பொறுக்கக்கூடாது என்பதிலும் தெளிவு வேண்டும். குத்தலான பிரசங்கம், மாற்றப்பட்ட பாட்டு, ஒரு கூட்டத்தில் சொன்ன கடும் சொல் ஆகியவை நேரில் பேசித் தீர்க்க வேண்டியவை. தீராவிட்டாலும் சுமந்துகொண்டு ஆராதிக்க முடியும். சபைப் பணம் காணாமல் போனால் அது வேறு. அப்போது பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று கணக்குக் கேட்க வேண்டும், எழுத்தில் கேட்க வேண்டும், பேராயர் அலுவலகத்துக்கு எழுத வேண்டும். சாதியைச் சொல்லி ஒருவரை ஒதுக்கினால், அவமதித்தால், வாயைத் திறக்க வேண்டும். பிள்ளைகளிடம் யாராவது தவறாக நடந்தால் கமிட்டிக்குள் பேசி முடிக்கிற பேச்சுக்கே இடமில்லை. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிற 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அறிந்தவர் யாரானாலும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். குழந்தைகள் உதவி எண்ணான 1098இலும் சொல்லலாம். ஏலி தன் குமாரரிடம், "என் குமாரரே, வேண்டாம்" என்று மெல்லச் சொன்னான், அதோடு விட்டுவிட்டான். அவர்களை அடக்காமற்போன பாவத்தினிமித்தம் அவன் வீட்டின்மேல் நியாயத்தீர்ப்பு வந்தது. இதே கதைதான். அன்னாள் ஓப்னியைத் தாண்டிக் கர்த்தரிடம் போனாள், கர்த்தர் ஓப்னியைத் தாண்டிப் போகவில்லை.

யூடியூப் ஆராதனை, படுக்கையில் இருப்பவருக்கும் வெளிநாட்டில் தனியாக வேலை செய்கிறவருக்கும் பெரிய கிருபை. உங்களுக்கு அது மருந்தாகாது. அதில் உங்களைப் புண்படுத்த ஒருவரும் இருக்க மாட்டார்கள், உங்கள் குரல் வரவில்லை என்று தேடவும் ஒருவரும் இருக்க மாட்டார்கள். உடம்பு முடியாத ஒரு ஞாயிறு பாருங்கள், அதையே வழக்கமாக்க வேண்டாம்.

வேறு சபைக்குப் போவது பாவமில்லை. ஆனால் தேர்தல் சூட்டில் அந்த முடிவை எடுக்காதீர்கள். மேலே சொன்ன பொறுக்கக்கூடாத காரியங்கள் நடந்து, கேட்டும் நியாயம் கிடைக்காவிட்டால் தாராளமாகப் போகலாம். உங்கள் வீட்டுப் பெண்பிள்ளைக்குப் பாதுகாப்பில்லை என்றால் அன்றைக்கே போக வேண்டும். இப்போது நடந்திருப்பது அந்த அளவுக்கு வரவில்லை என்பது என் எண்ணம். அடுத்த உயிர்த்தெழுதல் பண்டிகை வரை பொறுங்கள். அதன் பிறகும் போகத்தான் வேண்டும் என்று தோன்றினால், ஐயரிடம் நேரில் போய்ச் சொல்லி, ஆசீர்வாதம் கேட்டுவிட்டுப் போங்கள். சொல்லாமல் போனால் அந்தக் காயம் புதுச் சபைக்கும் கூடவே வரும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனமாயிருங்கள். சந்தோஷம் போனது கோயிலில் மட்டும்தானா? சமைப்பதிலும், அக்கம்பக்கத்தாரோடு பேசுவதிலும், மகளோடு இருப்பதிலும் பிடிப்பு இல்லையா? இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கமும் பசியும் சரியில்லையா? அப்படியானால் இது சபைப் பிரச்சினை மட்டும் அல்ல, மனச்சோர்வாக இருக்கலாம். மாதவிடாய் நிற்கிற காலத்தில் இது பலருக்கு வருகிறது. மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் 14416 என்ற எண்ணில் தமிழில் பேசலாம், கட்டணமில்லை. நெஞ்சடைப்பு நடக்கும்போதோ படியேறும்போதோ வந்தால் முதலில் இருதயத்தைப் பரிசோதித்துவிடுங்கள்.

இப்போது மகள் கேட்டதற்கு வருகிறேன். அவளிடம் சபையை நியாயப்படுத்தப் பார்க்காதீர்கள், அவள் நம்ப மாட்டாள். அன்னாளுடைய இரண்டு அதிகாரத்தையும் அவளோடு உட்கார்ந்து வாசியுங்கள். "உன் கேள்வி சரி. நான் திட்டினதும் உண்மை, அவர்கள் செய்ததும் உண்மை. ஆனா நான் கோயிலுக்குப் போறது அவங்களுக்காக இல்ல. எனக்குக் கர்த்தர்கிட்ட கேட்க ஒண்ணு இருக்கு" என்று சொல்லுங்கள். அவளுக்கும் கேட்க ஒன்று இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இருந்தால் அதற்காக வரட்டும். இல்லையென்றால் சில வாரம் வராமல் இருந்தாலும் கட்டாயப்படுத்த வேண்டாம். அவள் கண்முன்னே நீங்கள் போய்வருவதுதான் அவளுக்குப் பேசும்.

கடைசியாகக் கொயர். அன்னாள் ஏலியிடம் நின்று பதில் சொன்ன மாதிரி நீங்கள் கொயர் மாஸ்டரிடம் பேச வேண்டும். பயிற்சி நாளில் எல்லார் முன்னாலும் வேண்டாம், வாட்ஸ்ஆப் குழுவில் வேண்டவே வேண்டாம். ஒரு சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போங்கள், வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள், அணிப் பேச்சாகிவிடும். "அந்தப் பாட்டை என்கிட்ட கேக்காம மாத்தினது எனக்கு வருத்தமா இருந்தது. காரணம் இருந்தா சொல்லுங்க, கேட்டுக்கிடுதேன். ஆனா எனக்குப் பாடணும். எந்த இடத்துல நிக்கச் சொன்னாலும் நிக்கேன்" என்று சொல்லுங்கள். காரணம் நியாயமாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இரண்டுக்கும் தயாராகப் போங்கள். இடமில்லை என்று சொல்லிவிட்டால், ஆராதனை முடிந்ததும் கோயிலுக்கு வர முடியாத வயதானவர்கள் வீட்டுக்குப் போய்ப் பாடுங்கள். உங்கள் சபையில் அப்படிப் படுத்திருக்கிற அம்மாக்கள் இருப்பார்கள், அவர்களில் சிலர் உங்கள் அம்மாவோடு நின்று பாடினவர்களாகவே இருக்கலாம். மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். எந்த அணி என்று அந்தக் கட்டிலில் யாரும் கேட்க மாட்டார்கள். கிறிஸ்துமஸ் கேரல் பயிற்சி தொடங்குவதற்கு முன்பே இந்தப் பேச்சை முடித்துவிடுவது நல்லது, அதன் பிறகு இடங்களைப் பிரித்துக் கொடுத்துவிடுவார்கள்.